கல்லாக இறுகிய டயர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரமாகவே வளர்ந்தும் நீந்தத் தெரியாதவன் நான். போன மாதம் ஹொரணைப் பக்கம் வைத்து இது நன்றாகவே ஞாபகம் வந்தது.

அலுவலக நண்பன் சுதனுடன் இறப்பர் தோட்டத்தில் சரளைக்கல் போட்ட கிரவல் பாதையில் சைக்கிள் ஓடப் போயிருந்தேன். கொழும்பின் காலி வீதித் தாருக்கு அடிப்பதுபோலவே டயர்களுக்குக் கல்லாகக் காற்று அடித்திருந்தேன். தோட்ட வாசலில் சுதன் அமுக்கிப் பார்த்தான்.

“காத்தைக் கொஞ்சம் இறக்கு மச்சான். கிரவல்ல வழுக்கும்.”

“மூச்சு வாங்க அடிச்ச காத்தடா! நீ பின்னால வா.”

மூன்றாவது மேடு தாண்டிய இறக்கத்தில் டயர் சரளையைப் பிடிக்கவே இல்லை. பிரேக்கை அழுத்தினேன், பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது. வளைவின் ஓரத்தில், கருங்கல் உடைத்துவிட்டுப் போன பெரும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். நீந்தத் தெரியாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தேன். சைக்கிள் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. என் கால் ஒன்று விளிம்புக்கு வெளியே தொங்கியது.

இறப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து என்னை இழுத்தெடுத்தார்.

“கண்ணத் தொறங்க சார். கீழ போனது சைக்கிளுதாங்க, நீங்க இல்ல.”

அதை நம்பவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கயிறு போட்டு மேலே எடுத்த அதே சைக்கிளில்தான் இப்போதும் போகிறேன். ஆனால் கிரவல் தொடங்கும் இடத்திலேயே, விரலுக்கு டயர் அமுங்கும்வரை காற்றை இறக்குகிறேன். தெரியாத இறக்கம் என்றால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கிறேன். போன கிழமை ஒரு மாடு என்னை முந்தியது. மரியாதையாக வழிவிட்டேன்.