ஏழாம் நம்பர் ஒயர்

எனக்கு முதல் வேலை கொடுத்தது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு செட் கம்பெனி. தொண்ணூறுகளின் கடைசி. ஆபீஸில் ஒன்பது கம்ப்யூட்டர்கள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆளாக நான். ஒன்பதையும் ஒன்றோடொன்று இணைக்க நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டியை வாங்க வைத்ததும் நான்தான். அதில் ஒயர் செருகப் பதினாறு துளைகள், துளைக்கு ஒரு பச்சை விளக்கு. முதலாளி தயங்கியபோது, "பத்து வருசத்துக்கு இதைத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க" என்று அளந்துவிட்டேன். மூன்றாவது மாதமே அந்தப் பெட்டியைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

விளக்கு அணையும். பில் அடிக்கும் அக்காவின் திரை அப்படியே நின்றுவிடும், பாதி அடித்த பில் போய்விடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே வரும். அப்பாடா என்று உட்காருவதற்குள் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் போகும். "ஏனுங்க தம்பி, மறுக்காப் போயிருச்சுங்க" என்று அக்கா கூப்பிடும்போதெல்லாம் பெட்டியிடம் ஓடுவேன்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஒயரை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். அரை நாள் ஓடிவிட்டு நின்றது. கம்ப்யூட்டருக்குள் இருந்த நெட்வொர்க் கார்டை மாற்றினேன். ஸ்டெபிலைசர் வைத்தேன். பிளக்கைக் கட்டைவிரலால் மேலே தூக்கிப் பிடித்தால் விளக்கு எரிந்தது என்பதால், தீப்பெட்டி அட்டையை மடித்து ஒவ்வொரு பிளக்குக்கும் முட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே அதுவும் கைவிட்டது.

புதன்கிழமை முதலாளி கூப்பிட்டார். "சனிக்கிழமைக்குள்ள பாத்துப்போடுங்க தம்பி. இல்லீன்னா நாம பழையபடி பில் புக்குலயே எழுதிக்கலாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதையும் மரியாதை குறையாமல்தான் சொல்வார்கள். பில் புக்குக்குப் போய்விட்டால் நான் எதற்கு? ஊரில் என் வீட்டில் நான் ஒருவன்தான் மாதச் சம்பளம் வாங்குகிறவன்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஒயரு போட்டதுதான் சரியில்லீங்க" என்றேன். பெட்டியில் கோளாறு என்றால் வாங்கச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். பிளக்கை அசைத்தால் சரியாகிறது, ஆகவே தப்பு பிளக்கில் என்று என் மனதுக்கும் நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒயர் போட்டவர் காரமடையிலிருந்து மொபெட்டில் வரும் எலெக்ட்ரீஷியன். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி தொடங்கியதிலிருந்து எல்லா ஒயரிங்கும் அவர் கைதான். எட்டு மெல்லிய கம்பிகளை நிற வரிசைப்படி அடுக்கிப் பிளக்கில் அழுத்தும் வேலையை இந்தப் பெட்டிக்காகவே புதிதாகப் பழகிக்கொண்டார். சொல்லி அனுப்பியதும் வந்து, மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து, எல்லாப் பிளக்கையும் வெட்டிப் புதிதாகப் போட்டார். வெள்ளிக்கிழமை மறுபடி வந்து போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கைக்கு வயசாயிப்போச்சுங்களோ என்னமோ" என்றார். நான் அவர் வெட்டிப்போட்ட பிளக்குகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன். என்ன செய்வதென்று தெரியாத கோபத்தில், டார்ச் அடித்து ஒரு துளைக்குள் பார்த்தேன். உள்ளே இருந்த சின்னக் கம்பிகளின்மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊக்கால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

ஆயுத பூஜையன்று பம்பு செய்யும் ஷெட்டில் எல்லா லேத்துக்கும் பொட்டு வைத்தார்கள். என் பெட்டி மட்டும் என்ன இளப்பமா என்று, ஒயர்களையெல்லாம் உருவிவிட்டு, துளைக்கு ஒரு பொட்டாகப் பதினாறு பொட்டு வைத்தவன் நான். சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்திருந்தேன். அது உள்ளே வழிந்திருக்கிறது. விளக்குகள் அணைய ஆரம்பித்தது அதற்கடுத்த வாரம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வாங்கிவந்து பதினாறு துளையையும் தேய்த்து, பெட்டியை மறுபடி மாட்டினேன். மாலைவரை ஒரு விளக்குகூட அணையவில்லை. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்னங்க தம்பி கோளாறு?" என்றார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏழாம் நம்பர் ஒயருல லூஸ் கனெக்‌ஷனுங்க" என்று வந்தது.

"நெனச்சனுங்க. பாவம், அவருக்கும் முடியறதில்ல. புது ஷெட்டு ஒயரிங்குக்கு வேற ஆளு சொல்லிக்கலாமுங்க" என்றார். நான் தலையாட்டினேன். என் வேலை நிலைத்தது.

திங்கட்கிழமை காலை எலெக்ட்ரீஷியன் வந்தார். அவருக்கு விஷயம் போயிருந்தது. சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், அந்த ஏழாம் நம்பர் ஒயரை எனக்குத் தாரீங்களா? எங்க தப்புப் பண்ணுனேன்னு பாத்துக்கறேன்" என்றார்.

ஏழாம் துளையிலிருந்து அதை உருவிக் கொடுத்துவிட்டு, வேறொரு ஒயரைச் செருகினேன். வேறென்ன செய்ய? ஜன்னலோரம் போய் நின்று, பிளக்கைக் கண்ணுக்கு அருகில் வைத்து, எட்டுக் கம்பியையும் நிறம் நிறமாக முணுமுணுத்து எண்ணினார். திருப்பிப் பிடித்து மறுபடி எண்ணினார்.

"எல்லாஞ் சரியாத்தான் இருக்கறாப்பல தெரியுதுங்க" என்றார் மெதுவாக. பிறகு ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எம்பட கண்ணுக்குத்தான் தெரியல போலிருக்குதுங்க. ஊட்டுல பையனை உட்டுப் பாக்கச் சொல்றேன்."