நோவும் நோன்பும் குளிசையும்

உம்மாவும் வாப்பாவும் மன்னார்ப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போன வாரத்தில்தான் எனக்கு நோவு தொடங்கியது. தொண்ணூறில் யுத்தத்தில் முஸ்லிம்களையெல்லாம் அங்கிருந்து விரட்டியபோது நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, கனமூலையில் கலியாணம் முடித்து, மதுரங்குளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆகிவிட்டேன். யுத்தம் முடிந்து ஏழெட்டு வருடங்கள் போனபின் அவர்கள் சாமான்களை லொறியில் ஏற்றினார்கள். எனக்கு மூத்தவரான ராத்தாவும் தன் குடும்பத்தோடு கூடவே போனார். நான் அலுமாரியையும் கட்டில் பலகைகளையும் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் தோளும் இடுப்பும் நொந்தன. பாரம் தூக்கியது, ஒரு கிழமையில் ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை.

நோவு இடம் மாறிக்கொண்டே இருந்தது. இன்றைக்குக் கழுத்தில் என்றால் நாளைக்கு முழங்காலில். சட்டைத் தையல் பட்டால்கூடத் தோள் எரிந்தது. கரும்பலகையில் மேல்வரி எழுதக் கை உயராது. படுத்து எழும்பினாலும் தூங்காதவள் மாதிரியே இருப்பேன். வகுப்பில் நின்றுகொண்டு, முன்னால் இருக்கும் பிள்ளையின் பெயர் வாயில் வராமல் தவித்திருக்கிறேன்.

இரத்தம் சோதித்தோம். எக்ஸ்ரே எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

“ரிப்போட்ல ஒண்டும் இல்லையே,” என்றார் என் கணவர். “அப்ப நோவு எங்கேந்து வருது?”

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

கடைசியில் புத்தளத்தில் ஒரு பெண் டொக்டர் என் முதுகிலும் முழங்கையிலும் இடுப்பிலும் விரலால் அழுத்திப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் நான் துடித்தேன். “இது உங்கட கற்பனை இல்ல, டீச்சர்,” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அழுதுவிட்டேன். ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். உடம்பு சாதாரணமாக உணர்வதையெல்லாம் நரம்பு பெரிய வலியாக எடுத்துக்கொள்ளுமாம். அந்த நரம்பைத் தணிக்கவென்று, இராவில் குடிக்க ஒரு சின்னக் குளிசை எழுதித் தந்தார். “உடனே கேக்காது. கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிப் பாப்பம். நடக்கவும் வேணும், பொறுமையும் வேணும்.”

அந்தக் குளிசை எங்கள் வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வந்தபோது மேசையில் கிடந்த குளிசை அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மனநோய்க்காரருக்குக் கொடுப்பது இது என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவரின் உம்மாவான மாமி கதவைச் சாத்தினார்.

“உன்ட புள்ளைக்கு மாப்புள பேசிக்கிட்டு இரிக்கிம். உம்மாக்காரி பைத்தியக் குளிசை குடிக்கிறாண்டு ஊருக்குள்ள கதை போனா என்ன செய்யிற, மகள்? நோவுக்கு வேற மருந்தா இல்ல?”

மாமி கெட்டவர் இல்லை. என் கால்களுக்கு எண்ணெய் சூடாக்கித் தேய்த்து விட்டவரும் அவர்தான். மகளின் கலியாணம் என்றதும் நானும் பயந்தேன். அந்தக் குளிசையையும் கிளினிக்குக்குப் போவதையும் விட்டேன். டொக்டர் எழுதும் துண்டு இல்லாமல் பாமசியில் வாங்கக்கூடியதைக் கொண்டு நானே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதலில், காய்ச்சலுக்குக் குடிக்கும் பனடோல். காலையில் இரண்டு குடித்தால் முதல் பாடம் வரை கை உயரும். பிறகு அதுவும் கேட்காமல் போயிற்று. பாமசியில் இபுபுரோஃபென் கேட்டேன். அது முழங்காலுக்குக் கொஞ்சம் கேட்டது, வயிறு எரிந்தது. எரிவுக்கு ஒரு குளிசை சேர்த்தேன். தூக்கத்துக்கு, மூக்கு ஒழுகும் தடிமனுக்குக் கொடுக்கும் குளிசையைக் குடித்தேன். அடுத்த நாள் மத்தியானம் வரை தலை பஞ்சு மாதிரி இருந்தது. அதைப் பாதியாக உடைத்தேன். மழை நாளில் ஒரு அளவு, வெயில் நாளில் ஒரு அளவு, பரீட்சைத் தாள் திருத்தும் நாளில் ஒரு அளவு என்று எனக்குள்ளேயே ஒரு வைத்தியம் வளர்ந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்றால் நேற்றுக் குடித்தது வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவேன். நாளைக்கு அதே குளிசை, அதே அளவு, ஒன்றும் கேட்காது.

“டீச்சர், யாருக்கு இவ்வளவு?” என்று மதுரங்குளிப் பாமசிக்காரர் ஒருநாள் கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றேன். அதன் பிறகு புத்தளம் டவுனில் இறங்கி வாங்கினேன்.

மகளின் கலியாணப் பேச்சு ஓரளவு முடிவாகும் நேரத்தில் நோன்பு மாதம் வந்தது. பகலில் குளிசை குடிக்க முடியாது. நோயாளிக்கு நோன்பை விட அனுமதி உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நோயாளி என்று வீட்டுக்கு வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாதே. அதனால் பகலில் குடிப்பதையும் சேர்த்து, விடியுமுன் சாப்பிடும் சஹரிலேயே விழுங்கினேன். நோவில் சாப்பாடு இறங்காது. இரண்டு பேரீச்சம்பழம், ஒரு கோப்பை தேத்தண்ணி, அதற்கு மேல் குளிசைகள். அப்படி விழுங்கினால்தான் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சிப் பானையின் முன்னால் நிற்கலாம். வயிறு எரிந்தது. நோன்பென்றால் எரியத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு விடிகாலை ராத்தா போன் எடுத்தார். “உம்மா மௌத்தாகிட்டா, தங்கச்சி,” என்றார். பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழ எழும்பியவர் பாயிலேயே சரிந்துவிட்டாராம்.

வேன் பிடித்தோம். வண்ணாத்திவில்லு தாண்டிப் போகும் காட்டுப் பாதையால் வர வேன்காரர் சம்மதிக்கவில்லை. அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு குழியும் என் முதுகெலும்பில் இறங்கியது. மடியில் கை வைத்திருக்கவும் முடியவில்லை. கணவர் திரும்பிப் பார்த்தார்.

“பிரயாணத்துக்கு நோன்ப உடலாம். குடிக்கிறதக் குடி. ரெண்டு பிஸ்கட்டும் சாப்புடு.”

தண்ணீரை வாங்கிக் குளிசைகளை விழுங்கினேன். வழக்கத்தை விடக் கூட. உம்மாவைக் குளிப்பாட்ட எனக்குக் கைகள் வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. உம்மா அங்கே கிடக்க, பிஸ்கட்டைப் பிரிக்காமல் பையில் போட்டேன்.

உம்மாவும் வாப்பாவும் ஊரில் அரைவாசி கட்டியிருந்த வீட்டின் பின்பக்கத்தில் படுக்கை விரிப்புகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உம்மாவைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். தண்ணீரில் இலந்தை இலை வாசம். ராத்தா என்னைக் கட்டிப்பிடிக்க, அந்தப் பிடியும் எனக்கு நொந்தது.

“நீ காலடிப் பக்கம் நில்லு. நான் சொல்லக்குள்ள தண்ணிய ஊத்து,” என்றார்.

வாளியிலிருந்து சின்னக் குவளையில் மொண்டேன். உம்மாவின் பாதத்தில் ஊற்றினேன். அந்தப் பாதங்கள் வீங்கியிருந்தன. இரண்டாவது தடவை மொண்டபோது விரல்கள் மூடவில்லை. குவளை நழுவிப் பலகையில் விழுந்து சத்தம் போட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து எடுக்கப் போனபோது வாயைப் பொத்திக்கொண்டேன். விரிப்பை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தண்ணீர்த் தாங்கியின் ஓரத்தில் வாந்தி எடுத்தேன். கோப்பித்தூளைக் கரைத்து ஊற்றியது மாதிரிக் கறுப்பாக வந்தது. அதன் பிறகு சிவப்பாக.

வேனில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கணவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகும் வழியில் “உம்மா, உம்மா” என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

வயிற்றில் புண் வந்து இரத்தம் கசிந்திருக்கிறது. என்ன குடித்தீர்கள் என்று வார்டு டொக்டர் கேட்டார். நான் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற கணவரின் முகம் மாறிக்கொண்டே போனது. ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இவ்வளவும் தெரியாது.

“ஏன் புள்ள என்னட்டச் சொல்லல்ல?” என்றார்.

“சொன்னா நம்புவீங்களா?”

அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தபோது அஸர் பாங்கு கேட்டது. அந்தத் தொழுகையோடு உம்மாவை அடக்குவதாக இருந்தார்கள். கபன் துணியிட்ட முகத்தைப் பெண்களெல்லாம் சுற்றி நின்று கடைசியாகப் பார்ப்பார்கள், பிறகு முகத்தை மூடுவார்கள். நான் முகட்டைப் பார்த்தபடி கிடந்தேன்.

அடுத்த நாள் ராத்தா வந்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. கதிரையை இழுத்துப் போட்டு, என் கையைத் தூக்காமல், அதன் மேல் தன் கையை மெதுவாக வைத்தார். எங்கே தொட்டால் நோகும் என்று கணவர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

“உன்ட பங்குத் தண்ணியையும் நான்தான் ஊத்தினேன்,” என்றார். “அழாத. அழுதா வயிறு இழுக்கும்.”

நோன்புப் பெருநாள் முடிந்து கணவரே என்னைப் புத்தளத்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இனி இபுபுரோஃபென் தொடவே கூடாது என்றார் டொக்டர். பழைய சின்னக் குளிசையைப் பாதியிலிருந்து திரும்பத் தொடங்கினோம். வாய் உலர்ந்தது. காலையில் தலை கனத்தது. டொக்டர் நேரத்தை மாற்றினார், பிறகு அளவை மாற்றினார். நோவுக்குப் பனடோல் மட்டும், அதுவும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு. சில மாதங்களில் ஓரளவு தூங்கினேன். நோவு போகவில்லை, ஒரு படி இறங்கி நின்றது. மாமி இப்போதும் அந்தக் குளிசை அட்டையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டார் பெருநாளுக்குப் பிறகு பேச்செடுக்கவே இல்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது. “போனாப் போகட்டும் உம்மா,” என்று மகள் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ராத்தா போன் எடுப்பார். வாப்பாவின் இருமல், கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகள் என்று கதைப்போம். எப்படியும் ஒரு கட்டத்தில் நான் கேட்டுவிடுவேன்:

“கபனுக்குள்ள உம்மாட முகம் எப்பிடி இருந்திச்சி, ராத்தா?”

தூங்குற மாதிரி இருந்தது என்பார். இன்னொரு வெள்ளி, சிரிச்ச மாதிரி என்பார். ஒருதடவை, “உன்னத் தேடின மாதிரி,” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக உடனே அழுதார். இதில் எது சரியென்று நான் கேட்பதில்லை. அவர் சொல்கிற முகத்தை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.