சாய்ந்த எழுத்து

காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த பத்மாசினி இணுவிலில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். அம்மா கொழும்பில், தம்பி கனடாவில். அறைக்கு யாரும் வருவதில்லை. கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை; சைக்கிளில் போய்வருவாள்.

தொண்ணூற்று மூன்றில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரைப் பின்னேரத்தில் சிறிது நேரம் போடுவார்கள். பொதுக் கணினியில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஓர் இடம் உண்டு. ஜெனரேற்றர் நிற்பதற்குள் எல்லோரும் தங்கள் வேலையை அடித்து, சேமித்துவிட வேண்டும். அதனால் அடிக்க வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். யோசிக்க நேரம் கிடையாது.

எங்கே, எப்படிச் சேமிப்பது என்று காட்டும் வழிகாட்டித் தாளைத் தயாரித்தவள் பத்மாசினி. ஆங்கிலக் கையேட்டை வரிக்கு வரி அப்படியே மொழிபெயர்த்தாள். கோப்பைச் சேமிக்கும் இடத்துக்கான வழி மேல் அடுக்கிலிருந்து தொடங்கும், இடையிடையே சாய்கோடு வரும். 'சாய்ந்த எழுத்தில் உள்ளதற்குப் பதிலாக உங்கள் பெயரை இடுக' என்ற குறிப்பையும் விடவில்லை. உதாரணத்துக்குத் தன் பெயரைப் போட்டாள். பிறகு பிரதிகள் எடுப்பதற்காக எல்லாவற்றையும் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டினாள். தட்டச்சில் எழுத்து சாயாது. அது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் அருட்பிரகாசம் வந்தார். கிணற்று நீரில் உப்பு ஏறுவதை ஆராய்பவர். அன்றிரவுப் படகில் கொழும்புக்குப் புறப்பட அவருக்குப் பயண அனுமதிப் பாஸ் கிடைத்திருந்தது. வருடம் முழுக்க அளந்ததைப் பிளொப்பித் தட்டில் பதிந்து கொண்டுபோக வேண்டும். கைப்பிரதிகள் ஷெல் குண்டு விழுந்த வீட்டோடு போய்விட்டன.

இதுவரை தாளில் உள்ளபடியே அடித்துச் சேமித்தும் திறந்தும் வந்தவர், இன்று பிரதி எடுக்கத் தன் பெயருக்குள் தேடினார். ஒன்றுமில்லை.

"பிள்ளை, என்ரை கிணறுகளைக் காணேல்லை."

எங்கே சேமித்தார் என்று கேட்டாள். அவர் தாளை நீட்டினார். "நீர் எழுதினபடிதான் அடிச்சனான். சாய்ஞ்ச எழுத்து ஒண்டும் உதிலை இல்லையே."

அவள் தாளைப் பார்த்தாள். எல்லா எழுத்துகளும் நிமிர்ந்து நின்றன. தன் பெயரும்.

கணினியில் தன் பெயரிலுள்ள இடத்தைத் திறந்தாள். தான் எதையும் வைக்காததால் அதை அவள் பார்ப்பதுமில்லை, பூட்டுவதுமில்லை. திரை நிரம்பி ஓடியது. பரீட்சைப் புள்ளிகள், யாரோ ஒருவரின் ஆய்வுரை, நூலகப் பட்டியல். நடுவில் கிணறுகள்.

அருட்பிரகாசம் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப ஊர்க் கிணறெல்லாம் உம்மடை வீட்டுக்குள்ளைதான் கிடந்திருக்கு."

"ஓம் சேர்" என்றாள். பிளொப்பி நிறைந்ததும் அவர் அவசரமாக விடைபெற்றார். படகுக்குப் போக வேண்டும்.

அவள் பட்டியலை மறுபடி பார்த்தாள். இவ்வளவு பேர் வந்து போயிருக்கிறார்கள். ஜெனரேற்றர் இருமி நின்றது.

அடுத்துவந்த பின்னேரங்களில் ஒவ்வொன்றையும் உரியவரின் இடத்துக்கு மாற்றினாள். உரியவர்களுக்குச் சொல்லியும் விட்டாள். புதிய ஸ்டென்சிலில் தன் பெயர் இருந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டாள். இனி யாரும் தவறமாட்டார்கள்.

கடைசிக் கோப்பும் போன பிறகு, தன் இடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று கணினியைக் கேட்டாள். காட்ட எதுவும் இல்லாததால் அது வெறுமனே அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது. அவள் இன்னொரு முறை கேட்டாள்.