பிரளயத்தை முடித்துவைத்த டிக்கெட்காரன்

டூரிங் டாக்கீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், படம் ஓடும்வரை ஏச்சு ஆபரேட்டருக்கு, நின்றுவிட்டால் டிக்கெட் கிழிப்பவனுக்கு. ஐம்பதுகளில் பாகலூரில் நான் வாங்கிய ஏச்சை, அதே பிழைப்புப் பிழைத்த உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

மூன்று பாஷைக்கு ஒரு வாய்

எங்களிடம் ஒரே மெஷின். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். மூன்று பாஷையும் புழங்கும் எல்லை ஊர் என்பதால், அந்த இடைவெளியில் தமிழ்ப் படத்தின் கதையைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல முதலாளி ஆள் தேடினார். இரண்டும் தெரியும் என்று வேலைக்குச் சேரும்போதே உளறி மாட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தைக் கண்டால் எனக்குக் கூச்சம், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். வாயில் வைத்துக் கத்தும் தகரக் குழாயைக் கையில் திணித்துவிட்டு அவர் சொன்னார்: "ஒளறுனாலும் பரவால்ல, சத்தமா ஒளறு."

மழை வேண்டாத ராஜா

அந்த வாரம் பிரளயப் படம். உலகம் முழுகப் போகிறது, படகு கட்டு என்று ஒரு மீன் வந்து ராஜாவிடம் சொல்கிறது. நான் எதற்கு, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவர் மூன்று ரீலுக்குத் தட்டிக்கழிக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஊரில் இரண்டு வருஷமாக மழை இல்லை. கேழ்வரகு கருகிப்போன வயிற்றெரிச்சலில் முன்வரிசை முனியப்பா எழுந்து என்னை முறைத்தார்: "அவனுக்கு வேணாம்னா அந்த மழைய இங்க அனுப்பச் சொல்லுப்பா."

கடைசி ரீல்

வெள்ளம் வந்தது. ஊர், கோயில், மாடு கன்று எல்லாம் முழுகி, படகு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்போது ரீல் தீர்ந்தது. ஆபரேட்டர் பெட்டியைத் துழாவிப் பார்த்தார். கிருஷ்ணகிரியில் பஸ் மாற்றும்போது கடைசி ரீல் விட்டுப்போயிருக்கிறது. ரீல் வந்ததும் மீதியை இலவசமாகக் காட்டுகிறோம் என்று அறிவித்தேன். ஒருவரும் எழவில்லை. பாரதக் கூத்துப் பார்த்துப் பழகிய ஜனங்கள். சாவில் எழுந்துபோக மாட்டார்கள், பட்டாபிஷேகம் ஆனால்தான் வீடு.

பெண்கள் பக்கம் லட்சுமம்மா என்ற நிறைமாதக்காரி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனவள். அவள் மாமியார் என்னிடம் நிதானமாகச் சொன்னாள்: "எல்லாரும் செத்த கதையோட இவள வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். நீயே முடிச்சு வையி."

நான் காட்டிய கரை

கடைசி ரீலை நானும் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. குழாயைத் தூக்கினேன். மழை விட்டது என்று தெலுங்கில் சொன்னேன். தண்ணீர் வடிந்தது என்று கன்னடத்தில் சொன்னேன். ராஜா நம் ஏரிக்கரையில் படகைக் கட்டினார் என்று மூன்றிலும் சொன்னேன். மாடுகள் இறங்கின, விதைக் கேழ்வரகு இறங்கியது, கடைசியில் ராஜாவின் மருமகள் கைக்குழந்தையோடு இறங்கினாள்.

லட்சுமம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமியார் அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டே கேட்டாள்: "கொழந்த ஆணா பொண்ணா, அதச் சொல்லலியே?"

நிஜமான முடிவு

ரீல் வர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் லட்சுமம்மாவுக்குப் பெண் பிறந்து, தாயும் பிள்ளையும் சுகம் என்று சேதி வந்துவிட்டது. அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது. ரீலில் பார்த்தால், ராஜா தன்னந்தனியாக ஒரு மலையில் இறங்கித் தவம் செய்யப் போய்விடுகிறார். படம் முடிந்து முனியப்பா வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்: "இந்தப் படம் பொய்யிப்பா. நீ எறக்கிவுட்ட கொழந்தைய நான் நேத்துதான் பாத்துட்டு வந்தேன்."

உலகத்தையே கரையேற்றியவன் என்றுகூடப் பார்க்காமல், மறுநாள் அடுத்த ஊரான அஞ்செட்டிக்குக் கிளம்பக் கொட்டகைக் கயிற்றை அவிழ்க்க முதலாளி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.