ராஜி சொன்ன முடிவு

"ஆன்ட்டி, ப்ளீஸ் லா! ஸ்பாய்லர் சொல்லாதீங்க!" என்று போன ஞாயிற்றுக்கிழமை திவ்யா என் வாயைப் பொத்தாத குறையாகக் கத்தினாள். நான் சொன்னதெல்லாம், "இந்தப் படத்துல அந்த அண்ணன்காரன் ரொம்பப் பாவம்" என்பதுதான். அதற்கே என்னவோ அவள் பர்ஸைத் திருடியதுபோல் பார்த்தாள். கதையைச் சொல்வது இப்போது பெரிய குற்றம். ஒரு காலத்தில் கதை கேட்பதற்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றால் அவள் நம்பமாட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

திவ்யா என் தோழி மாலதியின் மகள். மாலதி, ராஜி, நான் மூவரும் மாதம் ஒரு ஞாயிறு சிங்கப்பூரின் செங்காங்கில் மாலதி வீட்டில் கூடுகிறோம். இளவயதில் நாங்கள் கோட்டைவிட்ட நல்ல படங்களையும் பாட்டுகளையும் இப்போதாவது பார்த்தும் கேட்டும் தீர்த்துவிடுவது என்று திட்டம். புத்தகமும் உண்டு. மாலதி நூலகத்தில் எடுத்த தலையணை கனத்தில் இருந்த நாவல் ஒன்றை எம்ஆர்டி ரயிலில் போகும்போதெல்லாம் படித்துப் பாதியைத் தாண்டிவிட்டாள். நான் அதே நாவலின் முதல் அத்தியாயத்தில் குடியிருக்கிறேன்.

அன்றைக்கு ராஜி ஃபேரர் பார்க்கில் பிரியாணி வாங்கி வந்திருந்தாள். அலுமினியத் தாள் பெட்டியின் ஓரத்தை நெம்பித் திறந்ததும் ஆவியோடு ஒரு வாசனை வந்தது. பிரியாணி வாசனையைச் சொல்லவில்லை. சூடுபட்ட அந்தத் தாளுக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. அது மூக்கில் ஏறியதும் என் விரல்கள் தாமாகவே சில்லிட்டுப் போயின.

ஏனென்றால் சாங்கியில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடம் ஒன்றில்தான் நாங்கள் மூவரும் சிநேகமானோம். குளிரூட்டிய பெரிய கூடம். தலையில் வலை, முகத்தில் மாஸ்க், கையில் உறை. எதிரே பெல்ட்டில் தட்டுகள் ஊர்ந்து வரும். ராஜி கரண்டி வைப்பாள், நான் ரொட்டியும் வெண்ணெயும், மாலதி பழக்கிண்ணம். நாங்கள் யாரும் ஏறாத விமானங்களுக்கு நாளெல்லாம் பந்தி வைத்தோம். ரேடியோ கிடையாது. பேசத்தான் முடியும், அதுவும் சூப்பர்வைசர் அந்தக் கோடிக்குப் போன பிறகு.

ராஜி சிங்கப்பூரில் பிறந்தவள், ஃபேரர் பார்க்கில் வீடு. அவள் வீட்டுக்காரருக்குப் பழைய படப் பைத்தியம். வீட்டின் கீழேயே வீடியோ கடை இருந்ததால் அவள் பார்க்காத படமில்லை. எங்கள் வீட்டிலோ டிவி என் தம்பிகளுக்கும் கால்பந்துக்கும் சொந்தம். மாலதி மன்னார்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து, வாடகை அறையில் டிவியே இல்லாமல் இருந்தாள். ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் ராஜிதான் தியேட்டர்.

அவள் கதை சொல்வது ஒரு தினுசு. மாஸ்க்கை ஒரு விரலால் முகவாய்க்கு இழுத்துவிட்டு, "அப்ப பாத்தியா..." என்று ஆரம்பிப்பாள். பாட்டு வந்தால் முணுமுணுப்பாள். சண்டைக் காட்சியில் கரண்டிகள் கொஞ்சம் வேகமாக விழும். ஒருநாள் உச்சகட்டத்தில் நான் மெய்மறந்து ஒரு வரிசை முழுக்க வெண்ணெயே வைக்காமல் விட்டுவிட்டேன். நடுவானில் வெறும் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு யாரோ ஒரு பெரிய மனிதர் என்னைச் சபித்திருப்பார். சூப்பர்வைசர் தரையிலேயே சபித்துவிட்டார்.

அப்படிச் சொன்ன கதைகளில் ஒன்று நோயாளித் தங்கையும் அவளுக்காக ஓடியாடும் அண்ணனும். படத்தின் பெயரை உங்களுக்குச் சொல்லமாட்டேன். திவ்யா என்னைத் திட்டியதே போதும். நாங்கள் தட்டு அடுக்கிய அந்த நாட்களில் திவ்யா கைக்குழந்தை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர்கள் சொல்லியும் மாலதி பயந்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். ராஜி அந்தக் கதையைத் தொடங்கியபோது எனக்குத் திக்கென்றது. ஊரில் வேறு கதையா இல்லை? மாலதியோ பழக்கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவையேதான் கேட்டாள்.

"அந்தப் புள்ளைக்கு என்னாச்சு ராஜி?"

ராஜி இரண்டு தட்டுகளுக்குக் கரண்டி வைத்தாள். பிறகு, "என்னாகும்? பொழச்சிருச்சு. கடசி சீன்ல ரெட்டைச் சடை, செவப்பு ரிப்பன் கட்டிக்கிட்டு பள்ளிக்கூடம் போவுது. அண்ணன்காரன் ரோட்டுலயே நின்னு அழுவுறான் லா" என்றாள்.

அந்த வாரமே மாலதி ஆபரேஷனுக்குச் சரி சொன்னாள். திவ்யா பிழைத்தாள். நாங்களும் வேலை மாறி வீடு மாறிப் போனோம்.

போன ஞாயிறு மாலதி தேர்ந்தெடுத்தது அந்தப் படத்தைத்தான். ராஜிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பிரிண்ட் நல்லாருக்காதுடி. காமெடி ஏதாச்சும் போடேன்" என்றாள். "இத்தன வருஷம் காதால கேட்டது, ஒருவாட்டி கண்ணால பாக்கணும்டி" என்றாள் மாலதி. திவ்யா படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் பிறகு பார்ப்பதாகச் சொல்லி ஆபீஸ் வேலையோடு அறைக்குள் போய்விட்டாள்.

படத்தின் கடைசியில் அந்தப் பெண் செத்துப்போனாள். சடையும் இல்லை, ரிப்பனும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அண்ணன்காரன் அழுதது மட்டும் உண்மை. எழுத்துகள் ஓடின. ராஜி தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மாலதி என்ன சொல்வாளோ என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். இந்த வயதில் நான் இழக்க விரும்பாத சொத்து இவர்கள் இரண்டு பேர்தான்.

மாலதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நீ உள்ளபடி சொல்லியிருந்தா, நான் ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்டி" என்றாள்.

ராஜி அப்போதுதான் அழுதாள். நானும் சேர்ந்துகொண்டேன், எனக்கு அழுகைக்குத் துணை இருந்தால் போதும்.

சத்தம் கேட்டுத் திவ்யா ஓடிவந்தாள். "என்னம்மா ஆச்சு? வெயிட், வெயிட், எண்டிங் சொல்லாதீங்க!"

"உக்காரு. இந்தப் படத்த நீ பாக்க வேணாம், ராஜி ஆன்ட்டி சொல்லுவாங்க" என்றாள் மாலதி.

ராஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எப்போதோ கழற்றிப்போட்ட மாஸ்க்கை முகவாய்க்கு இழுப்பதுபோல் ஒரு விரலைக் கீழே இறக்கினாள். "அப்ப பாத்தியா..." திவ்யா முதலில் கைப்பேசியும் கையுமாகக் கேட்டாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் வந்த இடத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"அம்மா, என் பாலர் பள்ளி போட்டோவுல நானும் அப்படித்தானே இருப்பேன்?"

"ஆமா, நான்தான் கட்டிவிட்டேன்" என்றாள் மாலதி.

இன்று சாங்கியில் அந்தக் கூடம் இல்லை, இடித்துவிட்டார்கள். ஃபேரர் பார்க்கில் வீடியோ கடை இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். படங்கள் எதுவும் தொலையவில்லை, எல்லாம் பொத்தானை அழுத்தினால் வருகின்றன. ராஜி சொன்ன முடிவு மட்டும் அவற்றில் எதிலும் கிடையாது. அதைத்தான் திவ்யா அன்று இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள்.