புளி போட்டுத் தேய்த்த ஜப்பான் கத்தி

எங்கள் அம்மாவின் கையில் அகப்பட்ட கறை எதுவும் தப்பியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் சொம்புகளையெல்லாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வரிசையாக வைத்தால், எங்கள் சொம்பு எதுவென்று மேட்டிலிருந்தே சொல்லிவிடலாம். புளி, சாம்பல், செங்கல் தூள், தேங்காய் நார் ஆகிய நான்கும் இருந்தால் உலகத்தில் போகாத அழுக்கே கிடையாது என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கைகளில் ஒருமுறை ஜப்பான் நாட்டுப் பழைய ஆயுதம் ஒன்று சிக்கிக்கொண்டது. அப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு.

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் மேசை வேலை பார்த்தார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு துரைக்குச் சாப்பாடு பரிமாறுவார். தோட்டத்தில் எங்கள் சாதிசனத்தில் கோட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். ஹட்டன் கடைத்தெருவில் அவர் நடந்தால் கடைக்காரர்கள் 'வாங்க' என்பார்கள். அவரோடு போனால் எனக்கும் ஒரு மிட்டாய் கிடைக்கும்.

துரை யுத்தகாலத்தில் பர்மாவில் இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கத்தி ஒன்று பங்களாவில் குளிர்காயும் கணப்படுப்புக்கு மேலே, சுவரில் அடித்த இரண்டு மரமுளைகளின் மேல் கிடந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், நுனிப் பக்கம் அகன்று வளைந்திருக்கும். அந்தப் பகுதி கண்ணாடிபோல மின்னும். அடியில் அதே நீளத்துக்கு ஒரு வால். வாலை ஆளுயரக் கட்டைக்குள் சொருகித்தான் சண்டை போடுவார்களாம். கட்டை பர்மாவிலேயே போய்விட்டது. வால் முழுக்கக் கருந்துரு.

அது என்ன ஆயுதம் என்பதில் தோட்டத்தில் ஒற்றுமை இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் எங்கள் அப்பா, அது ஜப்பான்காரனுடைய கவ்வாத்துக் கத்தி என்று அடித்துச் சொன்னார். கோயில் பூசாரியோ, முனியாண்டியின் அருவாள் எப்படியோ கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்றார். துரைக்கே சரியாகத் தெரியாது. கொழும்பில் இந்த விஷயம் தெரிந்த சிநேகிதர் ஒருவர் இருந்தார். சீமைக்கு ஆறுமாத லீவில் போன துரை, திரும்பி வரும்போது அவரையும் கூட்டிவந்து கத்தியின் வயதையும் செய்தவனின் பேரையும் கண்டுபிடிப்பதாக ஏற்பாடு.

போகும்போது கத்தியை மாமாவின் பொறுப்பில் விட்டுப் போனார். அதைப் பராமரிக்கும் விதத்தை மாமா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நடித்தே காட்டுவார். மூச்சுக் காற்றுப் படாமல் வாயில் துணி கட்ட வேண்டும். வெறும் விரல் படக்கூடாது. வாரம் ஒருமுறை பழைய எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, துரை தந்த கராம்பு எண்ணெயை ஒரு சொட்டு விட்டு நீவ வேண்டும். அந்த நாட்களில் மாமாவின் மேல் பல்வலி மருந்து வாசனை அடிக்கும்.

"துருப்பிடிச்ச பக்கம் மட்டும் தொடவே கூடாதாம். அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் கோட்டக் கழட்டிட வேண்டியதுதான்" என்பார்.

அம்மா சிரிப்பாள். சின்ன வயதிலிருந்தே மாமாவுக்குப் பாத்திரம் விளக்குவதென்றால் கசப்பு. சொம்பின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டு, அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கவிழ்த்து வைக்கிற ஆள்.

துரை திரும்பி வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமாவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. இரண்டு கன்னமும் பலாப்பழம்போல வீங்கி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, எங்கள் காம்பராவில் மூலையில் படுத்துவிட்டார். வெளியிலோ நாலைந்து நாளாய் விடாத மழை. உள்ளே மாட்டிய துணிகூடப் பூஞ்சணம் பிடிக்கிற காலம். கத்தி என்ன ஆகுமோ என்று மாமாவுக்கு ஒரே கவலை. பேச முடியாமல் பேசி, பங்களாச் சாவியையும் எண்ணெய்க் குப்பியையும் அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கத்தியைக் கீழே இறக்கிப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை.

"பாத்தியா புள்ள ஒங்க மாமன் செஞ்சிருக்க வேலைய! பாதியத்தான் வெளக்கியிருக்கான். மிச்சத்துக்குச் சாக்குச் சொல்றான். தொர வந்து பாத்தா வேலைய விட்டே தூக்கிடுவாரு."

அண்டை வீட்டுச் சொம்பாக இருந்தால் சொல்லிக்காட்டிவிட்டுப் போயிருப்பாள். இது தம்பியின் பிழைப்பு. மறுநாள் புளியோடும் செங்கல் தூளோடும் போனோம். மூன்று நாள் பின்னேரங்களில், வேலை முடிந்த களைப்போடு, அம்மா அந்த வாலோடு மல்லுக்கட்டினாள். துருவுக்கடியிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. ஒன்று ஏணிபோல இருந்தது, இன்னொன்று கூரை போட்ட வீடு மாதிரி.

"அம்மா, இதுல என்னமோ எழுதியிருக்கு."

"கீறல் புள்ள. யாரோ ஆணியால கிறுக்கியிருக்கான்."

கீறலுக்குள் புகுந்திருந்த அழுக்கை ஈர்க்குச்சியால் நோண்டியெடுக்கும் வேலை எனக்கு. ஏணி சீக்கிரம் மங்கிவிட்டது. வீடு மட்டும் பிடிவாதமாக நின்றது. அதற்கு அப்பாவின் தீட்டுக்கல்லைக் கொண்டுபோய் இழைத்தோம். மூன்றாம் நாள் கத்தி நுனியிலிருந்து அடிவரை ஒரே பளபளப்பு. மாமாவிடம் மூச்சுவிடக் கூடாது, துரை முன்னால் தானாகத் தெரியட்டும் என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டாள்.

சனிக்கிழமை துரையும் சிநேகிதரும் வந்தார்கள். மாமா அன்றைக்குத்தான் வீக்கம் வடிந்து கோட்டை மாட்டியிருந்தார். எண்ணெய்க் குப்பியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அம்மாவும் நானும் பின்கதவுப் பக்கம் போய் நின்றோம். அங்கிருந்து முன்னறை நன்றாகத் தெரியும்.

தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட அந்தச் சிநேகிதர், கையில் வெள்ளைத்துணியைப் போர்த்திக்கொண்டு, கைக்குழந்தையை எடுப்பதுபோலக் கத்தியை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். அப்புறம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துரையின் முகம் கழுத்தோடு சேர்ந்து சிவந்தது. கடகடவென்று இங்கிலீசில் என்னவோ கத்தினார். மாமா கத்தியைப் பார்த்தார். பின்கதவில் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பித் தன் நெஞ்சைத் தொட்டு இங்கிலீசில் இரண்டே வார்த்தை சொன்னார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கன்னம் வீங்கிப் படுத்துக் கிடந்தவர், எங்கள் கை புண்ணாகத் தேய்த்ததைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறாரே! ஆனால் துரை முன்னால் பேசுகிற தைரியம் எனக்கும் இல்லை, முந்தானையால் வாயை மூடி நின்ற அம்மாவுக்கும் இல்லை.

துரை வெளியே போனதும் மாமா எங்களிடம் வந்தார்.

"என்னடா தம்பி சொல்றாரு தொர?"

மாமா கொஞ்ச நேரம் அம்மாவின் கைகளையே பார்த்தார். விரல்நுனிகள் புளிபட்டு வெளுத்துத் தோலுரிந்திருந்தன.

"இப்புடி வெளக்கின கத்திய லண்டன்லகூடப் பாத்ததில்லையாம்க்கா."

"அந்தக் கண்ணாடிக்காரரு?"

"அவருதான் என்னன்னு கண்டுபுடிச்சாரு. அவங்க ஊருல ஆம்பளைங்க சண்டைக்குப் போயிட்டா, பொம்பளைங்க இத வச்சுத்தான் வீட்டக் காப்பாத்துவாங்களாம்."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் மாமா பேரைத் தட்டிக்கொண்டு போனதைப் பற்றி நான் முறையிட்டேன்.

"போகட்டும் புள்ள, பேரு அவனுக்கே இருக்கட்டும். அவன் நல்லா இருந்தாப் போதும்" என்றாள் அம்மா.

அடுத்த வாரமே மாமா தேயிலை ஃபெக்டரிக்கு மாறிவிட்டார். தன் தேய்ப்பால்தான் தம்பிக்கு ஃபெக்டரி உத்தியோகம் கிடைத்தது என்று அம்மா லயம் முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள். கேட்டவர்களிடம் மாமாவும் 'ஆமா, அக்காவாலதான்' என்பார். நாள் முழுக்க மாடியில் கொழுந்து உலர்த்தி, உடம்பெல்லாம் பச்சை வாசனையோடு வருவார். எப்போதும்போல எங்களைச் சிரிக்கவைப்பார். அம்மா புளியைக் கையில் எடுத்தால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

நான் வளர்ந்து ஆசிரியையான பிறகு, ஒரு பழைய பத்திரிகையில் அந்த மாதிரிக் கத்தியின் படத்தைப் பார்த்தேன். நகினாட்டா என்று பேர். பெண்கள் வைத்திருந்ததும் உண்மைதான். வாலில் இருக்கிற துருவை மட்டும் யாரும் தொடமாட்டார்களாம். அந்தத் துருவைப் பார்த்துத்தான் வயது சொல்வார்கள், துருவுக்கடியில் செய்தவன் தன் பேரை வெட்டியிருப்பான் என்று போட்டிருந்தது. படத்தைக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினேன். படித்துக் காட்டினேன்.

அவர் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே தேங்காய் நார் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசு புள்ள. அக்காவுக்குக் கேட்டுறப் போவுது."

துரையின் சிநேகிதர் கத்தியைப் பார்க்க வந்த அந்தச் சனிக்கிழமை பொழுதுசாய, மாமா பங்களாவிலிருந்து சட்டையோடு இறங்கி வந்தார். நல்ல கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழங்கை கிழிந்த பழைய கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். இரண்டு சட்டை வந்தது. பித்தளைப் பொத்தான்களை அம்மா தேய்த்துத் தேய்த்துத் தைத்திருந்தாள். மாமா தந்த பரிசு என்று வகுப்பில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் அவற்றைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.