அப்பா, கூடை!

ரொசால்பாவின் வாய்ச் சாமர்த்தியத்தைப் பற்றி எங்கள் சந்தில் எல்லோருக்கும் பெருமை. எனக்கும்தான். அந்த வாயே அவள் வீட்டுக்கு வினையாகும் என்று யார் கண்டது?

நேப்பிள்ஸின் பழைய தெருக்களில் வெளிநாட்டுக்காரர்களை நடத்திக் கூட்டிப்போய்க் கதை சொல்வது அவள் வேலை. மாதா மாடம், அரசி குளித்த கிணறு என்று ஏதேதோ சொல்வாள். பாதி புளுகு. ஆனால் கடைசியில் என் பொரித்த பீட்சாக் கடைக்கு எதிரே நின்று அண்ணாந்து கூவுவாளே, அது புளுகில்லை.

“அப்பா, கூடை!”

மூன்றாம் மாடியிலிருந்து லிபோரியோ மாமா தலை நீட்டுவார். முழங்கால் தேய்ந்து படியிறங்க முடியாத மனுஷர். மனைவி போன பிறகு அந்தக் கூடைதான் அவருக்குக் கால். கயிறு கட்டி இறக்குவார். ரொட்டிக்காரன் ரொட்டி வைப்பான், நான் பீட்சா வைப்பேன், போகிற வருகிற யாராவது செய்தித்தாள் வைப்பார்கள். மேலிருந்தபடியே என்னை வம்புக்கு இழுப்பார்.

“ஏய் தித்தினா, நேத்து உப்பே இல்லையே! யாரை நினைச்சுக்கிட்டுப் பொரிச்சே?”

“உங்களைத்தான் மாமா! உங்க ரத்தக்கொதிப்பை நினைச்சேன்!”

கூட்டம் ஒன்றும் புரியாமலே கைதட்டும்.

ஒருநாள் அந்தக் கூட்டத்தோடு உள்ளூர்க்காரன் ஒருவனும் வந்தான். மாமா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் செத்துப்போயிருந்தார்; இவன் அவருடைய அண்ணன் மகன், கட்டடம் இப்போது இவன் கையில். ரொசால்பாவுக்கு ஆள் தெரியாது. “அந்த பால்கனியில நின்னா கடல் தெரியும், இந்தச் சந்தே உங்க சொந்தக்காரங்க வீடு மாதிரி இருக்கும்” என்று வாயெல்லாம் பல்லாக அளந்துகொண்டிருந்தாள். அவன் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். அது நல்ல கண்ணாக எனக்குப் படவில்லை. திருஷ்டி கழிய எங்கள் ஊர் வழக்கப்படி ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் கொம்பு காட்டினேன். பலிக்கவில்லை.

அந்தக் கோடையிலேயே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். ரொசால்பா அவன் காலில் விழாத குறை.

“எங்கப்பாவுக்கு இந்தச் சந்தை விட்டா வேற நாதி இல்லீங்க.”

அந்தக் கிராதகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “நீங்க பேசினதைக் கேட்டப்புறம்தாங்க இந்த வீட்டோட அருமையே எனக்குத் தெரிஞ்சுது.”



ஊருக்கு வெளியே எட்டாம் மாடியில்தான் இடம் கிடைத்தது. மாமாவை நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். கூடையை எடுத்து வரட்டுமா என்று ரொசால்பா கேட்டதற்கு, “அது கிடக்கட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் கூட்டத்தோடு வந்தாள். வழியை மாற்ற அவளுடைய சுற்றுலாக் கம்பெனி முதலாளி ஒப்பவில்லை. “தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓடிருவேன்க்கா” என்று காலையிலேயே போனில் சொல்லியிருந்தாள். ஆனால் என் கடை எதிரே வந்ததும் கால் நின்றது, தலை நிமிர்ந்தது, பழகிப்போன பாழும் வாய் கூவிவிட்டது.

“அப்பா, கூடை!”

சொன்ன பிறகே அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மேலே கதவு திறந்து, இடுப்பில் துண்டு கட்டிய ஒரு வாலிபன் எட்டிப் பார்த்தான். எந்த நாட்டுக்காரனோ. இதுவும் வாடகையில் சேர்த்தி என்று நினைத்திருப்பான். சிரித்தபடி கூடையை இறக்கினான். கூட்டம் கைதட்டியது.

கூடைக்குள் அழகுக்குப் போட்ட இரண்டு பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். ரொசால்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் கை நீட்டினாள்.

“அக்கா, கத்தி.”

கொடுத்தேன். ஏன் கொடுக்கமாட்டேன்? கயிற்றை அறுத்து, எலுமிச்சம்பழத்தைத் தரையில் கொட்டி, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அதற்கும் கைதட்டினார்கள், தரித்திரங்கள்!

ஞாயிற்றுக்கிழமை நீளமான புதுக் கயிறு வாங்கிக்கொண்டு இருவருமாக மாமாவிடம் போனோம். கூடையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். மெல்ல எழுந்து போய் பால்கனிக் கம்பியில் கட்டி இறக்கவும் இறக்கினார். கீழே கார்கள் நிறுத்தும் இடம். ஓர் ஆள் இல்லை.

“கயிறு எட்டுதாப்பா?” என்று கேட்டாள் ரொசால்பா.

“எட்டுதும்மா” என்றார். “பேரைச் சொல்லிக் கூப்பிட கீழ யாரு இருக்கா?”